முயலின் பின்பக்கம் காய்ந்த கதை

பஞ்சுவின் பின்பக்கம் இன்றோடு 24 நாளாகக் காய்ந்து கிடக்கிறது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பவர்கள் முயல் வளர்த்திருக்க மாட்டார்கள். ஐந்து மாதத்தில் பெரும்பகுதியை நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு முயலின் வாலடியைக் கழுவி, துடைத்து, காயவைத்தே கழித்தவள் நான். எது எதனால் சரியானது என்பது மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். பாதிக்கு மேல் நான் செய்த தப்புகள்தான் இருக்கும்.

பஞ்சு நீளமுடிக் கலப்பினம், பெட்டை, வயது மூன்று. கழுத்தைச் சுற்றிச் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு பிடரி. தொடைகளில் பாவாடை மாதிரித் தொங்கும் முடி. வீட்டுக்கு வந்தபோது அதன் எடையைக் குறித்து வைக்கவில்லை. அதை ஏன் குறித்திருக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது.

முதல் குளியல், கடைசிக் குளியலும்

ஆரம்பம் நாற்றம். வாலைத் தூக்கிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவுக்குக் கரும்பழுப்பில் ஓர் உருண்டை, முடியோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. முன்பு நாய் வளர்த்த பழக்கம். யோசிக்காமல் குளியலறைக்குத் தூக்கிப் போனேன். டப்பில் வெந்நீர் விளாவி, குழந்தை ஷாம்பு கொஞ்சம் விட்டு, முதுகு வரை நனைத்தேன்.

பஞ்சு அசையவே இல்லை. “பாரேன், எவ்வளவு சமர்த்து” என்று தம்பியிடம் சொன்னேன். சமர்த்தாவது! பயத்தில் உறைந்து போயிருக்கிறது. அடுத்த நிமிடமே பின்னங்கால் இரண்டாலும் ஓர் உதை விட்டதில் டப் கவிழ்ந்தது. என் முழங்கையில் நீளமாக ஒரு கீறல். அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். முயலுக்கு எலும்பு லேசு, பின்னங்கால் தசை பலமோ பலம். இறுக்கிப் பிடித்திருக்கும்போது அது உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

காயவைத்தது அதைவிடக் கொடுமை. மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி அடிமுடி அடர்த்தியாக இருக்கிறது, குடித்த தண்ணீரை விடுவதில்லை. மூன்று துண்டுகள் நனைந்தன. ஹேர் டிரையர் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முழுதாகக் காய மூன்றரை மணி நேரம். காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சாயங்காலம் வரை ஒரு வாய் தின்னவில்லை. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். “முயலை எதுக்குத் தண்ணியில போட்டீங்க? உலர்ந்த துண்டுல சுத்தி வெதுவெதுப்பா வைங்க. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாம, பிழுக்கையும் போடாம இருந்துச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே கொண்டு வாங்க” என்றார். முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு புல்லைக் கடித்து இழுத்தது. அப்புறம்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

இவ்வளவுக்கும் அந்த உருண்டை போகவில்லை. நனைந்து காய்ந்ததில் கம்பளி மாதிரி இன்னும் இறுகிவிட்டது.

கத்தரிக்கோல்

சரி, வெட்டிவிட்டால் போகிறது என்று நினைத்தேன். தையல் கத்தரிக்கோல், நல்ல கூர். சிக்கை இரண்டு விரலால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்டினேன்.

முயலின் தோல் ஈரக் காகிதம் மாதிரி. உடம்போடு ஒட்டாமல் தளதளவென்று இருக்கும். முடியை இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வந்துவிடும். நான் வெட்டியதில் பாதி முடி, பாதி தோல். ரத்தம் அதிகம் வரவில்லை, அதனால் உடனே தெரியவும் இல்லை. ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு, இரண்டு தையல். மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தையல் ஆறும்வரை எதையும் தொடவில்லை. அந்தப் பத்து நாளில், அடுத்து எப்படிச் செய்வது என்று மருத்துவர் காட்டியதை வைத்து ஒரு சின்னப் பெட்டி தயார் செய்தேன். தலைக்குப் போடும் பேன் சீப்பு ஒன்று, அகலப் பல் சீப்பு ஒன்று, நுனி மழுங்கிய சிறு கத்தரி, சோள மாவு, ஓரமெல்லாம் தேய்ந்த பழைய துண்டு. இதற்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியிருந்த கம்பிப் பல் பிரஷை என் முன்கையில் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு விழுந்தது. அது இப்போது சோபா துடைக்கப் போய்விட்டது.

சிக்கெடுத்த விதம் இது. சிக்கில் ஒரு சிட்டிகை சோள மாவைத் தூவி விரலால் உள்ளே தேய்க்க வேண்டும். முடி வழுக்கிப் பிரிய ஆரம்பிக்கும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் வேண்டாம், அந்தத் தூள் முயலின் மூச்சுக்கு ஆகாது. மாவு இறங்கியதும் சிக்கின் நுனியிலிருந்து விரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். வேரிலிருந்து ஆரம்பித்தால் தோலை இழுப்பதாகத்தான் முடியும். பிரியவே பிரியாத இடத்தில் பேன் சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் படுக்கையாக நுழைத்து, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரி போட வேண்டும். சீப்பு உள்ளே போகாவிட்டால் அந்த இடத்தில் வெட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மீறவே இல்லை.

சிக்குகளை எண்ணினேன்: ஏழு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும், சமையலறை டைமர் வைத்துக்கொண்டு. பத்து நிமிடம் தாண்டினால் பஞ்சு பல்லை நறநறவென்று கடிக்கும். (மெல்லிசாகக் கடகடத்தால் சுகம், சத்தமாக நறநறத்தால் வலியோ எரிச்சலோ. இந்த வித்தியாசம் கேட்கக் கேட்கப் பழகிவிடும்.) ஏழில் ஐந்தை ஒன்பது நாளில் எடுத்துவிட்டேன். தொடை இடுக்கில் தோலோடு ஒட்டியிருந்த இரண்டுக்கும் சீப்பு நுழையவில்லை. மருத்துவர் மின்கத்தரியால் ஐந்தே நிமிடத்தில் வழித்துக் கொடுத்தார். அவை இரண்டையும் முதல் நாளே அவரிடம் கொண்டு போயிருக்கலாம்.

கழுவுவதில் நிபுணி ஆனேன்

சிக்கு போனதும் கதை முடிந்தது என்று நினைத்தேன். நாலாம் நாள் மறுபடி அதே இடத்தில் அதே பழுப்பு.

இந்த முறை முழுக் குளியல் கிடையாது. அகலமான பிளாஸ்டிக் டப், அடியில் வழுக்காமல் ஒரு துண்டு, ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர். நம் முழங்கையில் விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. முன்னங்கால் இரண்டும் டப்பின் விளிம்பில், பின்பக்கம் மட்டும் தண்ணீரில். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கையால் ஊறவைத்து விரலால் கரைப்பது. ஷாம்பு இல்லை. இழுத்துப் பிய்க்காமல் ஊறட்டும் என்று விட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் தானே கழன்று வரும். பிறகு துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் புதுச் சிக்கு உருவாகும். கடைசியில் ஹேர் டிரையர், மிகக் குறைந்த சூட்டில், 30 சென்டிமீட்டர் தள்ளி, நம் விரல் எப்போதும் அந்த முடிக்குள் இருக்க வேண்டும். நம் விரலுக்குச் சூடு உறைத்தால் அதன் தோலுக்கு எப்போதோ உறைத்திருக்கும். டிரையர் சத்தத்துக்குப் பழக்க ஒரு வாரம் அதைச் சும்மா பக்கத்து அறையில் ஓடவிட்டேன்.

முதலில் 50 நிமிடம் பிடித்த வேலை ஆறாவது தடவையில் 22 நிமிடத்துக்கு வந்தது. தம்பியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவன் கேட்டான்: “அக்கா, நீ நல்லா கழுவுற, சரி. அது ஏன் ஒவ்வொரு வாட்டியும் அழுக்காகுது?”

நான் பதில் சொல்லவில்லை. நீளமுடி, அப்படித்தான் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் வீணானது அந்தச் சமாதானத்தால்தான்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. வெயில் காலத்தில் ஈரப் பின்பக்கத்தில் ஈ உட்காருவதைப் பார்த்தேன். அப்படி உட்காரும் ஈ முட்டையிட்டால் ஒரே நாளுக்குள் பொரித்துப் புழு வைத்துவிடும், புழு உயிருள்ள தோலையே தின்ன ஆரம்பிக்கும். பொரிகிற வரைக்கும் முயல் எதையும் காட்டிக்கொள்ளாது. அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் வாலடியைப் பார்ப்பது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. புழு ஒன்றே ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பதினெட்டு நகம்

கழுவும்போது கை முழுக்கக் கீறல். நகத்தை எப்போது வெட்டினோம் என்று யோசித்தால் வெட்டவே இல்லை. முயலுக்கு முன்னங்காலில் ஐந்து ஐந்து, பின்னங்காலில் நாலு நாலு, ஆக 18. முன்னங்காலின் ஐந்தாவது நகம் உள்பக்கம் கொஞ்சம் மேலே ஒளிந்திருக்கும். முதல் தடவை அதை விட்டுவிட்டு 16 என்று எண்ணி முடித்திருந்தேன்.

மல்லாத்திப் போட்டால் முயல் மயங்கிப்போய் அசையாமல் கிடக்கும், சுலபமாக வெட்டலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தோம். உண்மைதான், அசையவில்லை. “அக்கா, இதுக்கு நெஞ்சு எப்படி அடிச்சுக்குது பாரு” என்றான் தம்பி. கையை வைத்துப் பார்த்தேன். எண்ண முடியாத வேகம். பிடித்த மிருகத்தின் வாயில் செத்தது போல நடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உடனே புரட்டி விட்டோம். அதற்குப் பிறகு அப்படிச் செய்ததில்லை.

மனிதர்களின் நகவெட்டியும் சரிப்படவில்லை. உருண்டை நகத்தைத் தட்டையாக நசுக்கிப் பிளக்கிறது. பூனைக்கு விற்கும் சின்னக் கத்தரி போன்ற நகவெட்டி, அலகில் அரைவட்டக் குழி உள்ளது, அதுதான் கச்சிதம். பஞ்சுவின் நகம் கறுப்பு. வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ஓடும் ரத்தக் குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்புக்கு டார்ச் வேண்டும். நகத்துக்கு அடியிலிருந்து அடித்தால் உள்ளே ஒரு நிழல் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினேன்.

இப்போதைய முறை: இருவரும் தரையில் உட்காருகிறோம். உயரத்திலிருந்து குதித்தால் கால் போய்விடும், அதனால் மேசை கிடையாது. தம்பி பஞ்சுவைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்வான், அதன் அடிப்பகுதி முழுதும் அவன் உள்ளங்கையில் தாங்கியிருக்கும். நான் ஒரு நேரத்தில் ஒரு பாதத்தை மட்டும் வெளியே எடுக்கிறேன். வெட்டுவதற்கு முன் நகவெட்டியால் லேசாக ஓர் அழுத்து. காலை வெடுக்கென்று இழுத்தால் ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்று பொருள், இன்னும் வெளியே தள்ளிக்கொள்வேன்.

முதல் நாள் நாலு நகத்தோடு நிறுத்தினோம். இரண்டாம் நாள் ஒன்றில் ரத்தம். சோள மாவை நகத்தில் அப்பி, விடாமல் மூன்று நிமிடம் அழுத்தினேன், நின்றது. துண்டில் இருந்த ரத்தத்தைப் பார்த்துத் தம்பிதான் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான். பதினெட்டையும் முடிக்க ஐந்து நாள். போன மாதம் ஒரே அமர்வில் 14 நிமிடம். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை போதுமானதாக இருக்கிறது.

பொடுகுக்காகப் போய்த் தராசோடு திரும்பியது

மூன்றாம் மாதம், பிடரிக்குப் பின்னால் வெள்ளையாகப் பொடுகு. வறட்சி என்று நினைத்தேன். அதே வாரம் என் முன்கையில் சிவப்புச் சிவப்பாக அரிப்பு. சந்தேகத்தில் ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் முடியைச் சீவிவிட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பொடுகில் இரண்டு மூன்று துகள் நடந்து போனது. முடியில் வாழும் மிகச் சிறிய உண்ணி வகை. செய்லெட்டியெல்லா என்று பெயராம், நடக்கும் பொடுகு என்று பட்டப்பெயர்.

வீட்டில் பழைய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து பாதி மிச்சம் இருந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டே வந்துவிட்டான். மேலுறையைப் படித்தால் ஃபிப்ரோனில். நாய்க்கும் பூனைக்கும் போடும் அது முயலைக் கொன்றுவிடக்கூடியது. இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் அந்தப் பெயரை மறக்காதீர்கள். மருத்துவர் எடைக்குத் தக்க அளவில் வேறொரு சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டார். சில வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. பொடுகும் போனது, என் அரிப்பும் போனது.

எடைக்குத் தக்க என்றேன் அல்லவா, அங்கேதான் பிடிபட்டது. பஞ்சு தராசில் 2.4 கிலோ. மருத்துவர் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார், விலாவைத் தேடினார், கிடைக்கவில்லை.

“பெல்லட் தீவனம் ஒரு நாளைக்கு எவ்வளவு போடுறீங்க?”

“ஒரு கிண்ணம் சார்.”

“கிண்ணம்னா எத்தனை கிராம்?”

தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 95 கிராம். அதுபோக, தம்பி தினமும் அரை வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உடம்பின் ஒரு கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் பெல்லட் வேண்டாம், அதையும் இப்போது இருக்கும் எடைக்குப் பார்க்காமல் இருக்க வேண்டிய எடைக்குப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். இருக்க வேண்டியது இரண்டு கிலோ. ஆக உச்சமே 50. நான் கிட்டத்தட்ட இரண்டு பங்கு போட்டிருக்கிறேன்.

வால் அடியில் ஒட்டியது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. முயல் இரண்டு விதமாகப் பிழுக்கை போடும். ஒன்று நாம் பெருக்கித் தள்ளும் உலர்ந்த உருண்டை. இன்னொன்று சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி, பளபளவென்று, மிருதுவாக. அதை அது தரையில் விடுவதில்லை, வாயை நேரே கொண்டுபோய்த் தின்றுவிடும். குடலில் முதல் சுற்றில் உறிஞ்ச முடியாத சத்து அதில் இருக்கிறது. பஞ்சுவின் விஷயத்தில் மூன்று சேர்ந்துகொண்டன. மாவும் சர்க்கரையும் அதிகமானதால் அந்தக் கொத்து களியாகிவிட்டது. வயிறு நிறைந்திருந்ததால் அதைத் தின்னும் ஆசையும் குறைந்தது. உடம்பு பெருத்ததால் குனிந்து எட்டவும் முடியவில்லை. இறங்கி வருவதைத் தொடை முடி பிடித்துக்கொண்டது. நான் மட்டும் டப்பில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்தினாலும் முயல் குடலுக்கு ஆகாது. மூன்று நாளுக்குப் பத்து கிராம் வீதம் இறக்கி 45-இல் நிறுத்தினேன். வாழைப்பழம் வாரத்துக்கு ஒரு சுண்டுவிரல் நுனி. அந்த இடத்தை நிரப்ப உலர்புல், அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல், நாள் முழுக்க. முதலில் வைக்கோலை வாங்கி வந்து ஏமாந்தேன். கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாளில் சத்தே இருப்பதில்லை, படுக்கத்தான் லாயக்கு. பச்சையாக அறுத்து உலர்த்திய புல்தான் வேண்டும். குதிரைமசால் உலர்த்தியதும் கிடைத்தது, பஞ்சு பறந்து பறந்து தின்றது. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம். வளரும் குட்டிக்குச் சரி, பெரிய முயலுக்கு வேண்டாம்.

முதல் நாலு நாள் கிண்ணத்தைப் பல்லால் கவ்வித் தூக்கி எறிந்தது. இரவு இரண்டு மணிக்கு டணார் என்று. ஐந்தாம் நாள் புல்லில் தலையை விட்டது, இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லலாம்.

குறிப்பேட்டிலிருந்து: கழுவும் இடைவெளி 4 நாள், 5, 5, 9, 13. பிறகு எண்ணவில்லை. பத்து வாரத்தில் எடை 2.4-இலிருந்து 2.1. கழுத்தடியில் மாட்டுக்கு அலைதாடி மாதிரித் தொங்கிய மடிப்பும் சுருங்கிவிட்டது. அதனால் தண்ணீர் குடிக்கும்போது அங்கே நனைந்து புண்ணாகும் தொல்லையும் தானே போனது.

தட்டு, தரை

இது சுருக்கமாக. பின்னங்கால் முடி மஞ்சளாகிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் மூத்திரத் தட்டு. மரச்சீவல் நிரப்பியிருந்தேன், வாசனையாக இருந்தது. ஊசியிலை மரச் சீவலின் அந்த வாசனைதான் கேடு, ஈரலைப் பாதிக்கும். காகிதத் துகளுக்கு மாறினேன். ஈரத்தை அடியில் இழுத்துக்கொள்கிறது, மேலே கால் படும் இடம் காய்ந்திருக்கிறது. தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும் காறை, முயல் மூத்திரத்தில் கழியும் சுண்ணாம்பு. எந்தச் சோப்புக்கும் அசையாது. வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி விட்டு 20 நிமிடம் ஊறவைத்தால் விரலால் துடைத்து எடுக்கலாம்.

கூண்டின் கம்பித் தரையையும் எடுத்துவிட்டேன். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போல முயலுக்கு உள்ளங்காலில் மெத்தை கிடையாது, வெறும் முடிதான். கம்பியிலும் வழவழத் தரையிலும் அது தேய்ந்து குதிகால் சிவந்துவிடும். பஞ்சுவின் இடது குதிகாலில் ஒன்பது மில்லிமீட்டர் வழுக்கை விழுந்திருந்தது. இப்போது பழைய கம்பளத் துண்டுகள் விரித்திருக்கிறது.

முடி கொட்டும் காலம்

நாலாம் மாதம் திடீரென்று முடி கொட்டத் தொடங்கியது. தலையில் ஆரம்பித்துக் கழுத்து, முதுகு என்று பின்னோக்கிப் போய்க் கடைசியில் வயிறு. நடுவில் ஒரு வாரம் முதுகில் ஒரு கோடு போட்ட மாதிரி, பாதி புதுசு பாதி பழசு.

நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியை விழுங்கிவிடும். பூனை மாதிரிக் கக்கவும் முடியாது, முயலுக்கு வாந்தியே வராது. பிழுக்கைகள் முடியால் கோத்த மணிமாலை மாதிரி வந்தால் அதிகம் விழுங்குகிறது என்று அர்த்தம். அந்த வாரம் தினமும் இரண்டு தடவை சீவினேன், புல்லும் தண்ணீரும் எப்போதும் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மூன்று கருவிகளில் ஜெயித்தது எது என்றால் கருவியே இல்லை. இரண்டு கையையும் லேசாக நனைத்து, தலையிலிருந்து வால் வரை தடவினால் கழன்ற முடி முழுக்க உள்ளங்கையில் திரண்டு வருகிறது, பறப்பதும் இல்லை. அதற்கடுத்து ரப்பர் பல் பிரஷ். நீளமுடிக்கு மட்டும் அகலப் பல் சீப்பு. கையால் பிடுங்கினால் கொத்துக் கொத்தாக வரும், பிடுங்கும் ஆசையும் வரும். தானாகக் கழன்றதை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்துவிடும். 19 நாளில் சேர்ந்த முடியை ஆர்வத்தில் நிறுத்தேன்: 36 கிராம். எடைக்கு ஒன்றுமில்லை. பையாகப் பார்த்தால் இன்னொரு முயல் செய்யலாம்.

சீவும் சாக்கில் மற்றதையும் பார்த்துவிடுகிறேன். காதுக்குள் குறும்பி கொஞ்சம் இருந்தால் விட்டுவிடுவேன், குச்சி விட்டதே இல்லை. அடை அடையாகப் பொருக்கு தட்டியிருந்தால் அது காது உண்ணி. பொருக்கைப் பிய்த்தால் உயிர் போகிற வலி என்பதால் அதைப் பிய்க்காமல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். முன்பற்கள் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரும். மேல் பல் கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் பொருந்தியிருக்கிறதா, மோவாய் எச்சிலால் நனைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யாரும் சொல்லித் தராத வேலை ஒன்று. பிறப்புறுப்பின் இரு பக்கமும் சின்ன மடிப்பு, அதில் கரும்பழுப்பு மெழுகு. வாசனைச் சுரப்பி. வெதுவெதுப்பான நீரில் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாக ஊறவைத்து உருட்டி எடுக்க வேண்டும். அந்த நாற்றத்தை விவரிக்க மாட்டேன். ஆரம்பத்தில் வீட்டில் வீசியதில் பாதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால்

முதலில் வாங்குவது சமையலறைத் தராசு. சீப்பு அப்புறம். ஞாயிறு தோறும் எடை, தினமும் பெல்லட் எடை, இரண்டையும் ஒரே தாளில் எழுதுவேன். வாங்கிய சீப்பு, பிரஷ் ஐந்தில் உபயோகத்தில் இருப்பது மூன்று. டப் வாங்கியது வீண் என்று சொல்ல மாட்டேன், வயிறு கெட்டால் மறுபடி வேண்டியிருக்கும். தொடை இடுக்கு முடியை மட்டும் வெயில் காலத்துக்கு முன்பே மருத்துவரிடம் ஒட்ட வழித்துவிடுவேன். அழகு போகிறது என்று தம்பி முனகுவான். முனகட்டும்.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. இடது குதிகால் வழுக்கை ஒன்பது மில்லிமீட்டரிலிருந்து ஏழுக்கு வந்து ஆறு வாரமாக அங்கேயே நிற்கிறது. சிவப்பு இல்லை, புண் இல்லை. கம்பளத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தேன், பஞ்சு ஸ்பாஞ்சைத் தின்னப் பார்த்தது, எடுத்துவிட்டேன். இப்போது புல்பாய் ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறது. அதைத் தின்றாலும் பரவாயில்லை. அடுத்த நகவெட்டு நாளில் மறுபடி அளக்கப் போகிறேன்.